எண் கட்டம் பழகினால் கவனப் பிசகு குறையுமா?

2024 ஜூன் 9

கேள்வி: பையன் ஏழாம் வகுப்பு. கணக்கு நன்றாக வரும். ஆனால் கரும்பலகையில் 69 என்றிருந்தால் நோட்டில் 96 என்று எழுதிக்கொண்டு வருகிறான். எங்கள் பக்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் 25 கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, கலைந்து கிடக்கும் 1 முதல் 25 வரை வரிசையாகத் தேடித் தொடச் சொல்கிறார்கள். தினம் 10 நிமிடம், மூன்று மாதத்தில் கவனம் இரண்டு மடங்காகும் என்கிறார்கள். மாதம் 1,500 ரூபாய். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

2024 ஜூன் 9, இரவு

பணம் கட்ட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோட்டில் ஸ்கேல் வைத்து 25 கட்டம் போட்டு எண்களை நீங்களே கலைத்து எழுதினால் போதும், அதே பயிற்சிதான்.

நான் சிவகாசியில் காலண்டர் ப்ரூஃப் பார்க்கிறவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாளில் பிழை பார்ப்பவள். 22 வருடம் ஆகிறது. நாள் முழுக்க எண்களைப் பார்ப்பதுதான் என் வேலை. இங்கிலீஷ் தேதி, அதன் கீழே பொடி எழுத்தில் தமிழ்த் தேதி, ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடை மாத காலண்டரில், அக்டோபர் தாளில், ஐப்பசி 9 இரண்டு முறை விழுந்துவிட்டது. அதற்கடுத்த நாட்களெல்லாம் ஒன்று குறைவாகவே ஓடி, 31-ஆம் தேதிக்குக் கீழே 13 என்று நின்றது. நவம்பர் தாள் சரியாக 15-இல் தொடங்கியது. நடுவில் 14 இல்லவே இல்லை. நான் உட்பட மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் அது. 1,500 பிரதி அடித்து முடிந்த பிறகு கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். எங்கள் மூவர் சம்பளத்திலும் பிடித்தம் போட்டார்கள். பணம் போனதைவிட, அந்தத் தாளை நான் இரண்டு தடவை முழுசாகப் பார்த்தேன் என்பதுதான் இன்றும் மனதை அரிக்கிறது.

எண் கட்டத்தை இந்த வருடம் தை மாதம் ஆரம்பித்தேன். 58 விநாடியில் தொடங்கி இப்போது 34-க்கு வந்திருக்கிறேன். பயிற்சி வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். விவரமாக நாளை எழுதுகிறேன்.

2024 ஜூன் 11

ஒருநாள் தள்ளிப் போய்விட்டது.

இந்தக் கட்டத்துக்கு ஷுல்ட்டே அட்டவணை என்று பெயர். வால்டர் ஷுல்ட்டே என்ற ஜெர்மன் மனநல மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. நோயாளிகளின் கவனம் எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரத்தில் சோர்கிறது என்று அளக்கும் சோதனையாகத்தான் புழங்கியது. ஐந்து தாளை அடுத்தடுத்துக் கொடுத்து, ஐந்தாவதில் வேகம் சரிகிறதா என்று பார்ப்பார்கள். ரஷ்யப் பக்கம் ரொம்பப் பிரபலம். வேக வாசிப்பு சொல்லிக் கொடுப்பவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அளவுகோலே பயிற்சியாகவும் ஆகிவிட்டது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பழகினால் காய்ச்சல் குறையுமா என்று யாரும் கேட்பதில்லை. இதில் மட்டும் கேட்காமலே ஒப்புக்கொள்கிறோம். நானும் ஒப்புக்கொண்டுதான் தொடங்கினேன்.

பெரியவர்களுக்கு ஒரு தாளுக்கு 30 முதல் 50 விநாடி ஆவது சாதாரணம். 40 விநாடி என்று வைத்தால் ஒரு எண்ணுக்கு 1.6 விநாடி. நம் கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை. ஒரு இடத்தில் நின்று, தாவி, அடுத்த இடத்தில் நிற்கும். விநாடிக்கு மூன்று நான்கு தாவல். அப்படியானால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்தாறு இடத்தில் கண் நின்று பார்க்கிறது. 25 விநாடிக்கு இறங்கினால் அது மூன்று நான்கு இடமாகக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கண் வேகமாகத் தாவுவதில்லை, வீண் தாவல்தான் குறைகிறது. 7-ஐத் தேடும்போது வழியில் 8-ஐயும் 9-ஐயும் பார்த்து மனதில் வைத்துக்கொள்வது அதில் பாதி.

2024 ஜூன் 12

ஒருவர் கேட்டிருந்தார், கண்டுபிடித்த எண்ணை அடித்துவிடலாமா என்று. கூடாது. அடித்தால் போகப் போகத் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும், கடைசி ஐந்து எண் தானாகக் கிடைக்கும். அடிக்காமல் விட்டால் 25-ஐத் தேடும்போதும் பழைய 24 எண்ணும் குறுக்கே நிற்கும். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

2024 ஜூன் 16

வேக வாசிப்பு வகுப்புக்குப் போன தம்பி எழுதியிருக்கிறார்: கண்ணை நடுக் கட்டத்தை விட்டு அசைக்கவே கூடாதாம், முழுத் தாளையும் ஓரப் பார்வையால் பார்க்க வேண்டுமாம், அப்போதுதான் பார்வை அகலமாகுமாம்.

இரண்டு வாரம் நானும் அப்படிச் செய்தேன். தலைவலிதான் வந்தது. காரணம் பிறகு புரிந்தது. கூர்மையாகப் பார்ப்பது விழித்திரையின் நடுவில் உள்ள சிறு பள்ளம்தான். கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இடம்தான் அதற்கு எட்டும். ஓரத்தில் இருப்பது தெரியும், ஆனால் பக்கத்து எழுத்தோடு கலந்து தெரியும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1970-இல் பௌமா என்ற டச்சுக்காரர் சொன்னது: ஓர் எழுத்து பார்வை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்து வந்தால் அதை அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும்.

இதைக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். நடுக் கட்டத்திலிருந்து ஓரக் கட்டம் இரண்டு கட்டத் தூரம், பக்கத்து எண் ஒரு கட்டத் தூரம். சரியாகப் பாதி, விளிம்பில் நிற்கிறது. மூலைக் கட்டமோ ஏறத்தாழ 2.8 கட்டத் தூரம், பக்கத்து எண் அதே ஒரு கட்டத்தில். கலங்கத்தான் செய்யும். தாளைப் பெரிதாக அடித்தால் சரியாகுமா என்றால் ஆகாது, இரண்டு தூரமும் சேர்ந்தே வளரும். இதை நான் ஏ4 தாளிலும் ஏ3 தாளிலும் செய்து பார்த்தேன். மூலை எண்களுக்கு இரண்டிலும் ஒரே தடுமாற்றம். போதாததற்கு 12-இல் 1-உம் 2-உம் ஒன்றை ஒன்று கலக்கும்.

தம்பி, கண்ணைத் தாராளமாக அசைத்துப் பாருங்கள். அசைவதற்குத்தான் கண்ணுக்கு ஆறு தசை இருக்கிறது.

2024 ஜூன் 23

அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 78 வயது. இப்போது வரும் அரிசியில் கல் இல்லை என்று எத்தனை சொன்னாலும் சொளகில் (முறத்தில்) போட்டுப் பார்க்காமல் உலையில் போட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைக் கவனித்தேன். கறுப்புக் கல் கிடந்தால் தேடுவதே இல்லை, அரிசி பரவும்போதே விரல் அங்கே போய்விடுகிறது. வெள்ளைக் கல்லுக்குத்தான் அரிசியைப் பாத்தி பாத்தியாக ஒதுக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள்.

1980-இல் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலாடும் எழுதிய கட்டுரை இந்த வித்தியாசத்தைத்தான் பேசுகிறது. நிறம், சாய்வு மாதிரி ஒரே ஒரு தன்மையில் மாறுபட்டு நிற்பது, சுற்றிலும் எத்தனை இருந்தாலும் தானாகக் கண்ணில் விழும். இரண்டு தன்மையைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும் என்றால், சுற்றியிருப்பவை கூடக் கூட நேரம் ஏறிக்கொண்டே போகும். எண் கட்டம் இரண்டாவது வகை. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ப்ரூஃப் தாளும் அப்படித்தான். ண இருக்க வேண்டிய இடத்தில் ன இருந்தால் அது கறுப்புக் கல் இல்லை, வெள்ளைக் கல்.

அம்மாவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அறுபது வருடம் அரிசி பார்த்தாள், அரிசியில் தேறினாள். ஆனால் வீட்டுக்குள் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தினம் தேடுகிறாள். அதை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

2024 ஜூன் 30

ஒரு திருத்தம். 34 விநாடி என்று முதலில் எழுதியிருந்தேனே, அது சரியில்லை.

நான் செய்துகொண்டிருந்தது போன் செயலியில். நேற்று ஒரு தாளைத் தொடங்கினதும் 11-ஐ முடித்துவிட்டு 12 வலது மேலே என்று பார்க்காமலே கை போயிற்று. சந்தேகம் வந்து, வருகிற தாள்களையெல்லாம் படமெடுத்து வைத்தேன். மொத்தம் எட்டுத் தாள்தான் சுற்றிச் சுற்றி வருகிறது! நான்கரை மாதம் அதே எட்டுத் தாள். மகளிடம் சொல்லிக் கணினியில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைந்து வருகிற மாதிரி போட்டு வாங்கினேன். புதுத் தாளில் 41 விநாடி.

58-க்கும் 41-க்கும் உள்ளது தேடும் திறமை என்று வைத்துக்கொண்டால், 41-க்கும் 34-க்கும் உள்ள ஏழு விநாடி அந்த எட்டுத் தாளின் ஞாபகம். 1998-இல் சுன், ஜியாங் என்ற இருவர் காட்டியதும் இதுதான். ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வந்தால் தேடுபவர் வேகமாகிறார், அடுக்கு திரும்ப வந்தது என்பதையே அவர் கவனித்திருக்க மாட்டார். நானும் கவனிக்கவில்லை.

வகுப்பில் பையன்களின் முன்னேற்றம் என்று காட்டும் தாள்கள் புதியவையா, பழையவையா என்று கேளுங்கள்.

2024 ஜூலை 8

இன்னொரு திருத்தம். இது பெரியது.

புதுத் தாள்களில் எந்த எண்ணுக்கு மூன்று விநாடிக்கு மேல் தவித்தேன், அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று மகள் பக்கத்தில் இருந்து குறித்தாள். முப்பது தாள். எல்லாக் குறிகளையும் ஒரே கட்டத்தில் போட்டுப் பார்த்தால், இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் இரண்டு தூண் மாதிரி நிற்கின்றன. நடுவில் உள்ள மூன்று நெடுவரிசையில் அங்கொன்று இங்கொன்று.

எனக்கு 51 வயது. மூன்று வருடமாக, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றே ஆன புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறேன். அந்தக் கண்ணாடியில் கிட்டப் பார்ப்பதற்கான இடம் கீழே நடுவில் குறுகலாகத்தான் இருக்கும், இரண்டு ஓரமும் கலங்கல். தலையைத் திருப்பினால் தெளிவாகும், கண்ணை மட்டும் திருப்பினால் ஆகாது. கடையில் கொடுக்கும்போதே சொன்னார்கள், நான் மறந்துவிட்டேன். வாசிக்க மட்டும் தனியாக ஒரு கண்ணாடி 900 ரூபாய்க்கு வாங்கினேன். போட்ட அன்றே, புதுத் தாளில், 33.

நான்கு மாதப் பயிற்சி தராததை ஒரு கண்ணாடி ஒரே நாளில் தந்துவிட்டது. கேள்வி கேட்ட சகோதரிக்கு: பையனை முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். வகுப்பெல்லாம் அப்புறம்.

2024 ஜூலை 9

அப்படியானால் கட்டம் வீணா என்று கேட்கிறீர்கள். இல்லை, கட்டத்தை வீண் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு தூணை எனக்குக் காட்டியது அந்தக் கட்டம்தானே. எங்கே தவறுகிறேன் என்று சொல்லும் கண்ணாடியாக அது நல்ல சாமான்.

2024 ஜூலை 21

சிவப்பு, கறுப்புத் தாளைச் செய்து பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். செய்தேன்.

இது கோர்போவ் சேர்த்த வகை. சோவியத் விண்வெளி வீரர்களின் உளவியல் சோதனைகளில் வேலை பார்த்தவர் ஃபியோதர் கோர்போவ். 7×7, மொத்தம் 49 கட்டம். கறுப்பில் 1 முதல் 25, சிவப்பில் 1 முதல் 24. கறுப்பு ஏறு வரிசை, சிவப்பு இறங்கு வரிசை, மாறி மாறி. கறுப்பு 1, சிவப்பு 24, கறுப்பு 2, சிவப்பு 23 என்று போக வேண்டும்.

காலண்டர் வேலையில் சிவப்பும் கறுப்பும் எங்களுக்குப் பழக்கம், ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். 4 நிமிடம் 20 விநாடி. நடுவில் இரண்டு முறை வழி தவறி எங்கே நின்றேன் என்றே தெரியாமல் போயிற்று. இரண்டு முறையும் ஒரே இடம்: கறுப்பு 12, சிவப்பு 13, உடனே கறுப்பு 13, சிவப்பு 12. ஏறுவதும் இறங்குவதும் எதிரெதிரே வந்து உரசும் இடம். இங்கே தேடுவது கஷ்டம் இல்லை, எதைத் தேடுகிறோம் என்பதைப் பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டம்.

என் வேலைக்கு இதுதான் நெருக்கம் என்று தோன்றியது. தமிழ்த் தேதியையும் இங்கிலீஷ் தேதியையும் மாறி மாறிப் பார்க்கும்போது நடப்பதும் இதே வழுக்கல்.

2024 ஜூலை 22

படுத்த பிறகு தோன்றியது. கறுப்பு 1, சிவப்பு 24. கறுப்பு 2, சிவப்பு 23. கூட்டினால் எப்போதும் 25! இது தெரிந்தபின் பிடித்து வைத்திருக்க வேண்டிய பாரம் பாதி போய்விடுகிறது. காலையில் செய்தேன், 3 நிமிடம் 5 விநாடி. இந்த 75 விநாடியும் கவனம் கூடியதால் வந்ததில்லை, ஒரு கூட்டல் கணக்கால் வந்தது. பயிற்சியில் நேரம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தோண்டிப் பார்க்கும் பழக்கம் இப்போது எனக்கு வந்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. 2025 காலண்டர் ஆல்பங்கள் (மாதிரிப் புத்தகங்கள்) வெளிவந்துவிட்டன, இனி மார்கழி வரை மூச்சு விட முடியாது. அதற்குள் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன்னால், எங்கள் அச்சகத்தில் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) பார்க்கும் தம்பியிடம் சொல்லி, பழைய காலண்டர் பக்கங்களில் 30 பிழைகளை ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அன்று 23 கண்டுபிடித்தேன். போன வாரம் வேறு பக்கங்களில் அதே மாதிரி 30. புதுக் கண்ணாடியோடு 24 கண்டுபிடித்தேன்.

58 விநாடி 33 ஆயிற்று. 23 பிழை 24 ஆயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு பிழை.

இரண்டு நாள் மனசு சரியில்லை. பிறகு படித்ததில் இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்று தெரிந்தது. 1901-லேயே தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் இதைச் சோதித்திருக்கிறார்கள். குறிப்பிட்ட இரண்டு எழுத்து வரும் சொற்களைக் கோடிடப் பழக்கிவிட்டு, வேறு எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழகியதில் வந்த முன்னேற்றத்தில் சிறு பங்குதான் கூட வந்தது. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 2,800-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், வேகமாகப் பார்க்கப் பழகியவர்கள் வேகமாகப் பார்ப்பதில் தேறினார்கள். இரண்டு வருடம் கழித்து அன்றாட வேலைகளில் அது தெரிகிறதா என்று தேடினால் தெரியவில்லை.

ஆனால் ஏன் என்று எனக்கு விளக்கியது இன்னொரு ஆய்வு. 2005-இல் ஜெரமி வுல்ஃபும் கூட்டாளிகளும் விமான நிலைய எக்ஸ்ரே மாதிரிப் படங்களைக் காட்டிப் பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் பொருள் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். ஆட்கள் அவர்களேதான், படமும் அதே வகை. அபூர்வமாக வருவதைத் தேடும்போது "இல்லை" என்று சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறோம்.

எண் கட்டத்தில் 14-ஐத் தேடும்போது 14 இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிடைக்கும் வரை விட மாட்டேன். ப்ரூஃப் தாளில் பிழை இருக்கிறதா என்றே தெரியாது. நூறு தாள் சுத்தமாக வந்த பிறகு நூற்றியோராவது தாளை எவ்வளவு நேரம் பார்ப்பது, எந்த இடத்தில் "சரி, இல்லை" என்று கையெழுத்துப் போடுவது? இதைத்தான் எண் கட்டம் ஒரு நாளும் பழக்குவதில்லை. அந்த அக்டோபர் தாளில் ஐப்பசி 14-ஐ நான் தேடவே இல்லை. 9, 9, 10, 11, 12, 13 எல்லாம் நல்ல எண்கள். இருப்பது எதுவும் என்னைத் தடுக்கவில்லை. இல்லாதது எப்படித் தடுக்கும்?

2024 ஆகஸ்ட் 6

விமான நிலையத்தில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டிகளை ஸ்கேன் செய்யும் திரையில் துப்பாக்கி, கத்தி போன்றவற்றின் பொய்ப் படங்களை இயந்திரமே நடுநடுவே செருகும். பார்ப்பவர் பொத்தானை அமுக்கினால், இது சோதனைப் படம் என்று சொல்லிவிடும். அபூர்வமானதை அடிக்கடி வருவதாக்கிவிடுகிறார்கள்.

இதையே அச்சகத்தில் தொடங்கியிருக்கிறோம். முதல் ப்ரூஃபில் மட்டும், ஒவ்வொரு காலண்டரிலும் தம்பி இரண்டோ மூன்றோ நான்கோ பிழையை வேண்டுமென்றே வைக்கிறார். எத்தனை என்று சொல்ல மாட்டார். தனி நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்வார், இரண்டாம் ப்ரூஃபுக்கு முன் எல்லாவற்றையும் அவரே எடுத்துவிட வேண்டும். அச்சு இயந்திரத்துக்குப் பிளேட் போடும் அண்ணன் அந்த நோட்டில் டிக் இருந்தால்தான் பிளேட் போடுவார். வைத்த பிழையே அச்சில் போய்விட்டால் எங்கள் கதி என்ன? அந்தப் பயத்தால் மூன்று பூட்டு.

2024 ஆகஸ்ட் 18

எண் கட்டத்தையும் மாற்றிவிட்டேன். 25 கட்டம்தான், ஆனால் 1 முதல் 28 வரை உள்ள எண்களில் ஏதோ மூன்று இருக்காது. எவை என்று தெரியாது. தேடி, இல்லை என்று தோன்றினால் "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

முதல் தாள் 2 நிமிடம் 10 விநாடி. இல்லாத எண்களில் தலா பத்துப் பன்னிரண்டு விநாடி போயிற்று. இருக்கும் எண்ணைச் சராசரியாகப் பாதித் தாள் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், இல்லாத எண்ணுக்கு முழுத் தாளையும் பார்த்தாக வேண்டும். அதனால் இரண்டு மடங்கு நேரம் நியாயம். நான் எடுத்ததோ ஏறத்தாழ மூன்று மடங்கு. பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அப்படியும் 17-ஐ இல்லை என்று சொல்லிவிட்டேன், அது இடது ஓரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது நாள் அம்மாவின் சொளகு ஞாபகம் வந்தது. பாத்தி பாத்தியாக. மேல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம், ஐந்து வரிசை முடிந்தால் "இல்லை". தாண்டித் தாண்டித் தேடினால் எதையெல்லாம் பார்த்தோம் என்பது தெரியாது. வரிசையில் போனால் எப்போது நிறுத்துவது என்பது தானாகத் தெரியும்.

2024 செப்டம்பர் 1

சதாவதானிகளை மறந்துவிட்டீர்களே என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார். மறக்கவில்லை. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மன்றத்தில் நூறு பக்கமும் கவனம் வைத்துக் காட்டியதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், முதுகில் நெல் எறிவார்கள், மணி அடிப்பார்கள், எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆனால் ஐயா, அது கவனத்தைப் பகிர்ந்து வைக்கும் கலை. எண் கட்டம் மற்றதையெல்லாம் தள்ளி ஒன்றை மட்டும் எடுப்பது. இரண்டையும் அவதானம் என்றே சொல்கிறோம், வேலை எதிரெதிர்.

இதே பேச்சில் தம்பி தமிழ் எண்களில் ஒரு தாள் போட்டுக் கொடுத்தார். ௧, ௨, ௩ என்று ௨௫ வரை. 1 நிமிடம் 50 விநாடி! ௧-ஐப் பார்த்தால் மனசு க என்கிறது, ௭-ஐப் பார்த்தால் எ, ௮-ஐப் பார்த்தால் அ. வாசிக்கத் தெரிந்ததே குறுக்கே வருகிறது. மகள் தமிழ் வாசிப்பில் கொஞ்சம் மெதுவு, அவள் என்னைவிட 15 விநாடி முன்னதாக முடித்தாள்.

2024 செப்டம்பர் 15

வேலைப் பளு. சுருக்கமாக.

ராகு காலம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஞாயிறு 4.30–6, திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30. தெரிந்ததால்தான் ஆபத்து. போன வாரம் தம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு ராகு காலத்தையும் எமகண்டத்தையும் இடம் மாற்றி வைத்திருந்தார். 12–1.30 என்று அச்சில் இருந்ததை நான் 4.30–6 என்றே வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

2013-இல் டிராஃப்டன் ட்ரூவும் வுல்ஃபும் சேர்ந்து செய்த சோதனை ஒன்று உண்டு. நுரையீரல் ஸ்கேன் பார்ப்பதில் கைதேர்ந்த 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லா உருவம் செருகப்பட்டிருந்தது, சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. பலருடைய கண் அந்த இடத்தில் நேராக நின்றும் பார்க்கவில்லை. அத்தனை பழகியவர்களுக்கே அப்படி. தேர்ந்தெடுத்துப் பார்ப்பது என்றால் தேர்ந்தெடுக்காததை விடுவதும்தான். ஒரே நடையில் எல்லாப் பிழையையும் பிடிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். தமிழ்த் தேதிக்கு ஒரு நடை, நேரங்களுக்கு ஒரு நடை, எழுத்துக்கு ஒரு நடை. தமிழ்த் தேதியைக் கடைசியிலிருந்து முன்னால் பார்க்கிறேன். தமிழ் மாதத்துக்கு 29 நாளும் உண்டு, 32 நாளும் உண்டு என்பதால் பின்னாலிருந்து வரும்போது வாய் தானாக ஓடாது.

2024 அக்டோபர் 6

கேள்வி கேட்ட சகோதரி திரும்பி வந்து எழுதியதில் சந்தோஷம். பையனுக்குக் கண் சரியாக இருக்கிறது, வகுப்பில் சேர்க்கவில்லை, வீட்டில் கட்டம் செய்கிறான், 70 விநாடி 45 ஆயிற்று, 69 இன்னும் சில நாள் 96 ஆகிறது என்கிறீர்கள்.

ஆகத்தான் செய்யும். அவன் தவறுவது தேடுவதில் இல்லை. பலகையில் சரியாகத்தான் பார்க்கிறான், தலையைக் குனிந்து நோட்டுக்கு வருவதற்குள் கைநழுவுகிறது. நாங்கள் ப்ரூஃபை மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது செய்வதைச் சொல்கிறேன். ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் தாளைப் பார்ப்பார். தனியாக இருந்தால் நானே உதடு அசைத்து வாசிப்பேன். அவனை "அறுபத்தொன்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். தமிழில் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றுதான், சொன்னபடி எழுதினால் புரளாது. எழுதி முடித்ததும் கடைசிக் கணக்கிலிருந்து மேலே போய்ச் சரிபார்க்கட்டும்.

கட்டத்தை நிறுத்த வேண்டாம், அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றீர்களே. அதற்காகவே செய்யலாம்.

2024 அக்டோபர் 20

தம்பி மூன்றாவது முறையாக 30 பிழை வைத்தார். 27 கண்டுபிடித்தேன். இதில் விடுபட்ட எண் தாளுக்கு எவ்வளவு பங்கு, பின்னாலிருந்து பார்ப்பதற்கு எவ்வளவு, பிழை வைக்கும் ஏற்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டேன். தனித்தனியாக ஆரம்பித்திருக்க வேண்டும்.

விட்டுப்போன மூன்றில் இரண்டு தமிழ்த் தேதி.

விடுபட்ட எண் தாளை எப்படிப் போடுவது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கணினி வேண்டாம். வீட்டில் பழைய மாத காலண்டர் இருக்கும். ஒரு தாளில் 1 முதல் 28 வரை உள்ள தேதிகளைச் சதுரம் சதுரமாக வெட்டுங்கள். சிவப்பு எண் தானாகக் கண்ணில் விழும், அதனால் கறுப்பில் ஒரு நகல் எடுத்துவிட்டு வெட்டினால் நல்லது. துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கலைத்து, வீட்டில் யாரையாவது பார்க்காமல் மூன்றை எடுத்து ஒரு டம்ளருக்குள் போட்டு மூடச் சொல்லுங்கள். மீதி 25-ஐ ஐந்துக்கு ஐந்தாக நிமிர்த்தி அடுக்குங்கள். அடுக்குவதும் அவர்கள்தான், நீங்கள் திரும்பி உட்கார வேண்டும். 28 வரை போய் முடித்து, இல்லாத மூன்றையும் சொன்ன பிறகுதான் டம்ளரைத் திறக்க வேண்டும்.